பொட்டலம் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் சௌக்கியம். தாங்களும் சம்பந்தியம்மாளும் சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்பதை, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் ஒரு தடவைகூட இருமாமல் பேசியதிலிருந்தே தெரிந்துகொண்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் பேத்தியும் போன இடத்தில் நலமாக இருப்பதாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு வீடியோ போனில் தகவல் வருகிறது. அவர்களுடைய ஆறு வாரப் பயிற்சியில் மூன்று வாரம் முடியப் போகிறது. பேசிக்கொண்டபடி, பேத்தியின் ஹாம்ஸ்டர் முதல் மூன்று வாரம் பெண்ணைக் கொடுத்த வீட்டிலும் அடுத்த மூன்று வாரம் பெண்ணை எடுத்த வீட்டிலும் இருக்க வேண்டும். அந்த முறையில், வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூண்டோடு தங்கள் வாசலில் வந்து நிற்பேன்.

தாங்கள் போனில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "எலிக்கு என்ன பெரிய பராமரிப்பு சம்பந்தி? மூணு வரியில எழுதி அனுப்புங்க, போதும்." தாங்கள் முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் போட மாட்டீர்கள் என்று உங்கள் மகனே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே செய்முறையோடு எழுதுகிறேன். போனில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கிறது. இதிலோ நம் இருவருக்குள் மட்டும் இருக்க வேண்டிய விஷயம் ஒன்று நடுவில் வருகிறது. அந்த இடம் வந்ததும் சம்பந்தியம்மாளை ஏதாவது காய்கறி வாங்க அனுப்பிவிட்டுப் படிக்கவும்.

முதல் விஷயம், அதை எலி என்று சொல்லக் கூடாது. சொன்னால் பேத்தி மூன்று நாள் பேச மாட்டாள். நான் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு அனுபவித்திருக்கிறேன். அதன் பெயர் பொட்டலம். சுருண்டு படுத்தால் யாரோ கட்டிவைத்த பொட்டலம் மாதிரிதான் இருக்கும், வால் இருக்கிற இடம்கூடத் தெரியாது. கிளம்புகிற அன்று அவள் ஓவிய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துப் பதினோரு விதிகள் எழுதி எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மூன்றாவது விதி சிவப்பு மையில் இருந்தது: "தாத்தா கத்தக் கூடாது." பிறகு கூண்டை என் கையில் கொடுத்து, "பத்திரம் தாத்தா" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன விதத்தில் எனக்கு அன்றிலிருந்தே சாப்பாடு பாதியாகக் குறைந்துவிட்டது.

அதற்குக் காரணம் பேத்தி மட்டும் இல்லை, உங்கள் மகனும்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், பெருமையாகத்தான் சொல்கிறேன். ஒன்றரை வருடமாக அவர் அந்தப் பிராணியை ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றி வந்திருக்கிறார். என் பெண் வாரத்துக்கு ஒரு முறையாவது, "அவரு எப்படிப் பாத்துக்கறாரு தெரியுமாப்பா" என்று சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை ஒன்றரை வருடம் காப்பாற்றியதை மாமனார் இருபத்தொரு நாளில் கோட்டை விட்டார் என்று ஆகிவிட்டால், நான் அவர் வீட்டில் எந்த முகத்தோடு காபி குடிப்பேன், சொல்லுங்கள்.

இனி படுக்கை. என் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பது நீங்கள் அறிந்ததே. முதல் நாள் கூண்டைப் பார்த்ததும் துணி வெட்டுகிற மேஜை மேல் ஏறி நின்றவள், இரண்டாவது நாள் அது முன்னங்கால் இரண்டாலும் முகம் கழுவிக்கொள்வதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். "அய்யோ, குழந்தை மாதிரி மூஞ்சி கழுவுதே" என்றாள். மூன்றாவது நாள் அதற்குப் பஞ்சு அடைத்த மெத்தை, பூப்போட்ட துணியில் தலையணை, ஓரம் அடித்த போர்வை எல்லாம் தயார். எனக்கு முப்பது வருடமாக ஒரு பைஜாமா தைத்துத் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை. நான்காவது நாள் காலையில் பார்த்தால் பொட்டலம் ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டுகிறது. போர்வையிலிருந்து பிரிந்த நூல் காலில் மூன்று சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. நான் பிடித்துக்கொள்ள, அவள் பொத்தான் துளை வெட்டுகிற சின்னக் கத்தரியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூலை அறுத்தாள். அறுத்து முடித்ததும் மெத்தை, தலையணை, போர்வை எல்லாவற்றையும் அவளே எடுத்துக் குப்பையில் போட்டாள். ஆகவே பஞ்சு, துணி, நூல் எதுவும் கூண்டுக்குள் போகக் கூடாது. அச்சடிக்காத வெறும் டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து ஒரு சாண் உயரத்துக்குப் போடுங்கள். அது உள்ளே சுரங்கம் தோண்டிக் குடியேறிவிடும். பகல் முழுக்கத் தூங்கும், எழுப்பக் கூடாது. எழுப்பினால் கடிக்கும், நியாயமான கடிதான்.

அடுத்தது சாப்பாடு. முதல் வாரக் கடைசியில் ஒரு மாலை அதைப் பார்த்து நான் நடுங்கிப்போனேன். இரண்டு கன்னமும் வீங்கித் தோள் வரைக்கும் தொங்குகிறது. காலையில் இல்லை, மாலையில் வீக்கம். பல்லில் சீழ் வைத்துவிட்டது என்று முடிவு செய்து, ஒரு டப்பாவில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய், ஒரு பூனை, அதற்குப் பிறகு நான் மடியில் டப்பாவோடு. நாய்க்காரர் எட்டிப் பார்த்து, "எலியா சார்?" என்றார். "ஹாம்ஸ்டர்" என்றேன், கொஞ்சம் விறைப்பாகவே. டாக்டரம்மா அதை மேஜையில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பதறியது. "ஏதாவது பண்ணுங்கம்மா, வீக்கம் ஏறிட்டே போகுது" என்றேன். "கொஞ்சம் இருங்க சார்" என்றார். இரண்டு நிமிடம் கழித்து அந்தப் பிராணி முன்னங்கால்களால் கன்னத்தைத் தள்ளித் தள்ளிப் பதினான்கு சூரியகாந்தி விதை, ஒரு கேரட் துண்டு, கடைசியாக என் மனைவி இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்த சட்டைப் பொத்தான் ஒன்று, எல்லாவற்றையும் மேஜையில் வரிசையாக வைத்தது.

"வீக்கம் இல்ல சார், அது பை. சாப்பாட்டப் பாத்தா எடுத்து உள்ள வச்சுக்கும். நாளைக்குக் கெடைக்குமோ கெடைக்காதோன்னு."

"அப்ப இதுவும் கிடங்குதானா?" என்றேன். முப்பத்தோரு வருடம் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவன் நான். அன்றிலிருந்து அதன் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிட்டது, ஒரே தொழில்காரர்கள் அல்லவா. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். தட்டு காலியானால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை, இடம் மாற்றிவிட்டது என்று அர்த்தம். தினம் ஒரு ஸ்பூன் தானியக் கலவை, நகம் அளவுக்கு வெள்ளரியோ கேரட்டோ போதும். வெங்காயம், பூண்டு, ஆரஞ்சு, சாக்லேட் ஆகவே ஆகாது. சம்பந்தியம்மாள் பாவம் பார்த்து ஒரு துண்டு கொடுத்தேன் என்று சொல்லக் கூடாது. பச்சைக் காய் மிச்சம் இருந்தால் மறுநாள் அதன் மூலையில் தேடி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அழுகும். அதைத் தண்ணீரில் குளிப்பாட்டவும் கூடாது. ஒரு கிண்ணத்தில் மெல்லிய மணல் வைத்தால் அதுவே புரண்டு சுத்தமாகிவிடும்.

இரண்டாவது வாரம் அது காணாமல் போனது. கூண்டைச் சுத்தம் செய்துவிட்டுக் கொக்கியைப் போட்டேனா இல்லையா என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் போட்டேன் என்கிறேன், அவள் கூண்டைக் காட்டுகிறாள். காலையிலிருந்து அலமாரி, கட்டில், தையல் இயந்திரத்தின் இழுப்பறை எல்லாம் கவிழ்த்தாயிற்று. தரையில் மாவு தூவிக் காலடித் தடம் பார்த்தேன், தடம் முழுக்க என்னுடையதாகவே இருந்தது. அந்த நேரம் பார்த்து, தைக்கக் கொடுத்த கோட்டின் அளவு பார்க்க ஒரு வாடிக்கையாளர் வந்தார். பெரிய மனிதர், வக்கீல். என் மனைவி வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு தோளைச் சரி செய்துகொண்டிருக்கிறாள். அவர் உள்பையில் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது.

"அம்மா, பையில ஏதோ சூடா இருக்கு."

என் மனைவியால் பதில் சொல்ல முடியவில்லை, வாய் நிறைய ஊசி. நான்தான் ஓடிப்போய், "அசையாதீங்க சார், அது எங்க பேத்தியோடது" என்றேன். அந்த வக்கீலை நான் எத்தனை புகழ்ந்தாலும் தகும். கத்தவில்லை, உதறவில்லை. இரண்டு கையையும் சேர்த்துக் கிண்ணம் மாதிரி பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். போகும்போது, "இதுக்குப் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார். அதனால் சொல்கிறேன், கொக்கிக்கு மேல் ஒரு துணி கிளிப்பும் மாட்டுங்கள், நான் தருகிறேன். அப்படியும் ஓடிவிட்டால் இருட்டான, கதகதப்பான இடங்களை முதலில் பாருங்கள். உங்கள் சட்டைப்பை உட்பட.

இப்போதுதான் நான் சொன்ன இடம் வருகிறது. சம்பந்தியம்மாள் கடைக்குக் கிளம்பியாயிற்றா?

குளிர்பதனக் கிடங்கில் இருந்தவனுக்கு ஒரு நம்பிக்கை ரத்தத்தில் ஊறிப்போயிருக்கும். குளிரில் வைத்த எதுவும் கெடாது. வெப்பம்தான் எதிரி. ஆப்பிளாக இருந்தாலும் உருளைக்கிழங்காக இருந்தாலும், கெட்டுப்போனது என்று புகார் வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது யார் கதவைத் திறந்துவைத்தான் என்றுதான். இந்தப் பழக்கத்தில், பொட்டலம் வந்த அன்றே அதன் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டு, காலை ஒரு தடவை மாலை ஒரு தடவை நோட்டில் குறித்துவந்தேன். போன வாரக் கடைசியில் இங்கே குளிர் இறங்க ஆரம்பித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கூண்டைப் பின்னறை ஜன்னல் ஓரமாக நகர்த்தி, ஜன்னலை அரைவாசி திறந்துவைத்தேன், நல்ல காற்று வரட்டும் என்று. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு வெப்பமானி ஒன்பது டிகிரி காட்டியது. நோட்டில் ஒன்பது என்று எழுதி, பக்கத்தில் "மிக நன்று" என்று எழுதி, கையெழுத்தும் போட்டேன். பிறகுதான் கூண்டுக்குள் பார்த்தேன்.

காகிதக் குவியலுக்கு நடுவே சுருண்டு கிடந்தது. தொட்டேன். கிடங்கிலிருந்து அப்போதுதான் எடுத்த உருளைக்கிழங்கு மாதிரி சில்லென்று இருந்தது. கையில் எடுத்தால் அசைவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் சின்னக் கண்ணாடியைக் கொண்டுவந்து மூக்கருகில் பிடித்தாள். கண்ணாடியில் ஒரு பொட்டு ஆவிகூடப் படியவில்லை. அவள் அப்படியே தையல் ஸ்டூலில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் மேஜை மேல் ஏறி நின்றவள், சம்பந்தி.

"சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுவா. கூண்டக் காட்டுன்னுதான் முதல்ல கேப்பா" என்றேன்.

"உண்மையச் சொல்லிடலாங்க."

"சொல்லலாம். யாரு சொல்றது?"

அவள் கண்ணாடியைத் துடைத்து மேஜை மேல் வைத்தாள். பிறகு, "நீங்கதான் ஜன்னலத் தெறந்தீங்க" என்றாள். உண்மைதான். என் கண் முன்னால் அந்த ஓவிய நோட்டுத் தாள் வந்து நின்றது. நான் கத்தவில்லை, விதியை மீறவில்லை. ஆனால் கொன்றுவிட்டேன். பேத்தி அதைக் கேட்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நினைக்கவே என்னால் முடியவில்லை. அப்போது என் வாயிலிருந்து வந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "அதே மாதிரி வேற ஒண்ணு கெடைக்காதா?" என்றேன்.

"குழந்தைய ஏமாத்தவா போறீங்க?"

"ஏமாத்தல. கெட்டுப்போன சரக்குக்கு அதே ரகத்துல மாத்துச் சரக்கு குடுக்கறோம். கெடங்குல வழக்கமா செய்யறதுதான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப் போவதில்லை. ரோஜாத் தொட்டியில் குழி தோண்டுகிறேன், இதை மரியாதையாகப் புதைத்துவிட்டு அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போங்கள் என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாதிரி கையில் இல்லாமல் சரக்கு எடுக்கப் போகக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நிறம் ஒத்துவராமல் போனால் என்ன செய்வது? பொத்தான் டப்பா ஒன்றில் காகிதம் போட்டு அதை வைத்தேன். பஸ் கூட்டத்தில் நசுங்கிவிடுமோ என்று டப்பாவைக் கோட்டுக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். செத்ததை இவ்வளவு பத்திரமாகக் கொண்டுபோகிறோமே, உயிரோடு இருந்தபோது ஜன்னலை மூடினோமா என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு போனேன். நாற்பது நிமிடப் பயணம். மனிதனுக்கு அதைவிட நீளமான பயணம் கிடையாது.

செல்லப்பிராணிக் கடைக்காரர் மீன் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். "ஹாம்ஸ்டர் வேணும். இதே நிறம், இதே அளவு, இதே முகம்" என்றேன்.

"முகமா சார்?"

"குழந்தை முகம் பாக்கும்."

அவருக்குப் புரிந்துவிட்டது. இந்த மாதிரி ஆட்கள் நிறையப் பேர் வருவார்கள் போலிருக்கிறது. "கொண்டாந்திருக்கீங்களா?" என்று கையை நீட்டினார். டப்பாவைத் திறந்து பார்த்தவர், ஒரு விரலால் அதன் வயிற்றை மெல்லத் தொட்டார். அப்புறம் கேட்டார்.

"எங்க வச்சிருந்தீங்க சார் இத?"

"ஜன்னல் ஓரமா. நல்லாக் குளுகுளுன்னு."

"எத்தன டிகிரி?"

"ஒம்போது" என்றேன். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை வந்ததை நானே கவனித்தேன்.

"சார், இது சாகல. குளிர் தாங்காம உடம்ப வெளக்கு மாதிரி அணைச்சுட்டுத் தூங்குது. மீசையப் பாருங்க."

மீசை முடி ஒன்று, ஒரே ஒன்று, அசைந்தது. "மூச்சே இல்லையே" என்றேன். "இருக்கு. நிமிஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோதான் விடும். கண்ணாடி வச்சா தெரியாது" என்றார். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வெந்நீர் கூடாது, சட்டென்று சூடேற்றினால் அந்த உயிர் உண்மையாகவே போய்விடும் என்று எச்சரித்துவிட்டு, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து அதை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தார். கோட்டுக்குள் நாற்பது நிமிடம் வந்ததே பாதி வைத்தியம் என்றார். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். மூக்கு அரித்தது, சொரியவில்லை. முதலில் மீசை எல்லாம் அசைந்தது. பிறகு ஒரு கால். அப்புறம் உடம்பு முழுக்க ஒரு நடுக்கம். கடைசியில் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. அடையாளம் தெரிந்துகொண்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடித்தது. அந்தக் கடியைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு என் பதவி உயர்வின்போதுகூடக் கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மீன் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து நான் அழுதேன். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப வேற வேண்டாமா சார்?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள் சம்பந்தி. நான் யோக்கியனாக இருந்திருந்தால் அந்த உயிர் அன்று காலையே ரோஜாத் தொட்டிக்குள் போயிருக்கும். குழந்தையை ஏமாற்றக் கிளம்பினதால் பிழைத்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் என் மனைவி கையெல்லாம் மண்ணோடு, "தோண்டிட்டேன்" என்றாள். "மூடிடு" என்றேன். டப்பாவைத் திறந்து காட்டினேன். அவள் என்னை ஒன்றும் சொல்லாமல் அதை மட்டும் திட்டினாள், நன்றாக, ஐந்து நிமிடம். ஆறு மணிக்குப் போன் வந்தபோது பொட்டலம் தையல் அறையில் உட்கார்ந்து வெள்ளரித் துண்டு தின்றுகொண்டிருந்தது. "ஏன் தாத்தா ரூம் மாத்திட்டீங்க?" என்று பேத்தி கேட்டாள். "பாட்டிக்குத் துணைக்கு" என்றேன். எதிரில் வெப்பமானி இருபத்திரண்டு காட்டியது. நோட்டில் பழைய "மிக நன்று" எல்லாவற்றையும் அடித்துவிட்டேன்.

ஆகவே உங்கள் மாடி அறை வேண்டாம், அங்கே காற்று அடிக்கும். ஜன்னலிலிருந்து தள்ளி, வெயில் நேராக விழாத, ஆள் நடமாட்டம் இருக்கிற அறையாகப் பார்த்து வையுங்கள். இருபது டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள். சக்கரம் கிறீச்சிட்டால் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், இயந்திர எண்ணெய் வேண்டாம், நக்கும். சம்பந்தியம்மாளுக்குப் பயம் இருந்தால் இரண்டு நாள் தூரத்தில் உட்கார்ந்து அது முகம் கழுவுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும். செவ்வாய்க்கிழமை நடந்தது உங்களுக்கும் எனக்கும் என் மனைவிக்கும் அந்தக் கடைக்காரருக்கும் மட்டுமே தெரியும். உங்கள் மகனுக்குத் தெரிய வேண்டாம். ஒன்றரை வருடம் கண்ணும் கருத்துமாக வளர்த்த மனிதர், மனசு விட்டுப்போய்விடும்.

ஒருவழியாக நல்லபடியாக ஒப்படைக்கப் போகிறேன் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுதி முடியாது. இரண்டு நாளாக வயிறு நிறையச் சாப்பிடுகிறேன். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், கூண்டுக் கதவு சாத்தியபடியே, மூன்று வாரமும் நல்லபடியாகப் போக வேண்டும் என்று நானும் என் மனைவியும் மனதார வேண்டிக்கொள்கிறோம். சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்ட பிறகு ஆறு மணிப் போன் வந்தது. பிரித்து இதை எழுதுகிறேன். பேத்தி கூண்டைப் பார்த்துவிட்டு, "தாத்தா, நீங்க ரொம்ப நல்லாப் பாத்துக்கறீங்க" என்றாள். அதை மட்டும் என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. ஜன்னல், ஒன்பது டிகிரி, பொத்தான் டப்பா, வேறு வாங்கப் போனது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அப்பாவும் அப்படித்தான் பண்ணாரு தாத்தா. போன வருஷம் நான் ஸ்கூல்ல ரெண்டு நாள் டூர் போனேன்ல, அப்ப பழைய பொட்டலம் செத்துப்போச்சு. நான் வரதுக்குள்ள வேற வாங்கி வச்சுட்டாரு. இது ரெண்டாவது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"பழசு ஜன்னலப் பாத்துட்டுச் சக்கரத்துல ஓடும். இது செவுத்தப் பாத்துட்டு ஓடுது."

"அழுதியா?"

"பாத்ரூம்ல. தண்ணியத் தெறந்து விட்டுட்டு. அப்பா ஏன் கண்ணு செவப்பா இருக்குன்னாரு, சோப்புன்னேன். அவரு பாவம் தாத்தா, கடை கடையா அலஞ்சிருப்பாரு. நான் கண்டுபிடிச்சுட்டேன்னு தெரிஞ்சா அழுதுடுவாரு. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

"நானும் வேற வாங்கிட்டு வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியாத மாதிரியே இருந்திருப்பேன்."

சம்பந்தி, மேலே உங்கள் மகனைப் பற்றி ஒன்றரை வருடம், ஒரு குறையும் இல்லாமல் என்று நான் எழுதிய இடங்களைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் வாக்கு வாங்கினாள், அப்பாவுக்கு அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் முறையில் ஏதாவது ஆகிவிட்டால் முதலில் கையில் வைத்துச் சூடு கொடுத்துப் பாருங்கள். அதற்கும் எழவில்லை என்றால் கடைக்குப் போகாதீர்கள். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இன்னொரு தடவை அவளைத் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தனியாக அழ விடக் கூடாது.